தண்ணீருக்கும் எனக்கும் நடுவில்

தண்ணீருக்கும் எனக்கும் நடுவில் ஒன்றும் இருக்கக்கூடாதாம். நூலிழை கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு கூடாது, பல்லிடுக்கில் ஒரு எள்ளு கூடாது, நகக்கண்ணில் மாவு கூடாது. மாவுதான் என் பயம். ரொட்டிக்கடையில் பிசைந்து பிசைந்து ஊறிப்போன கை இது. தோண்டித் தோண்டி எடுத்த பிறகும் சுண்டுவிரலில் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது, மாவா நகமா? நகம்தான். அடி செவ்வந்தி, நகமேதான், அதையும் பிய்த்துவிடாதே. மூக்குத்தியைக் கழற்றிச் சோப்புப் பெட்டி மேல் வைத்திருக்கிறேன். அம்மா குத்திவிட்டது, ஒருநாளும் கழற்றியதில்லை, காலையில் சித்திதான் தேங்காயெண்ணெய் போட்டுத் திருகித் திருகி எடுத்தாள். எடுக்கும்போதே, "எங்களத் தலமுழுகப் போறவளுக்கு நானே மூக்குத்திய வேற கழட்டிக் குடுக்குறேன் பாரு, என்னயச் சொல்லணும்" என்று ஒரு பாட்டம். திட்டினாள், ஆனால் வந்தாள். இந்தக் குளியலறைக்கு வெளியே, நடையில் போட்ட பெஞ்சில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சித்தப்பாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாக இருந்தவர், அந்த வழியில் அவர்கள் காரைக்காலை விட்டு பாரிஸ் பக்கம் வந்தார்கள்; அம்மா போன பிறகு என்னையும் கூட்டிவந்து இந்தச் சார்செல்லில் வளர்த்தார்கள். இன்று நான் யூத மதத்தில் சேரும் நாள். பாடமெல்லாம் முடிந்துவிட்டது, மூன்று ரபிகள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன், பாக்கி ஒன்றே ஒன்று. தலைமுடி நுனிவரை தண்ணீருக்குள் போய் வரவேண்டும். யாரிடமும் சொல்லாத சங்கதி என்னவென்றால், சுனாமிக்குப் பிறகு இன்றுவரை என் முகம் தண்ணீருக்குள் போனதில்லை. ஷவரில்கூடத் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டுதான் குளிப்பேன். அத்தனை பாடம் படித்தவள் இதை மட்டும் ஏன் கடைசிவரை தள்ளிப்போட்டேன் என்று கேட்டால், கடைசியில் வருவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்புதான், நம் ஊர்ப் புத்தி.

கதவைத் தட்டுகிறாள் மதாம் ஹதாத். இந்த முழுக்குக்குளத்தைப் பார்த்துக்கொள்கிறவள், குளத்தை மிக்வே என்பார்கள். "அவசரமில்லை, நிதானமாக வா." பிரெஞ்சில்தான் சொல்கிறாள், ஆனால் சொல்லும் விதம் மீன்கடையில் தலைமுறையாகப் பழகியவளிடம் பேசுவதுபோல. சீப்பு, மறுபடியும் சீப்பு, ஒரு சிக்கு இருந்தாலும் ஆகாது. இங்கே வரும்போது வாசலில் சிப்பாய் நின்றான், துப்பாக்கியோடு, பிள்ளை முகம். யூதர் தொழுகைக்கூடம் உள்ள தெருவென்றால், யாராவது தாக்க வருவார்கள் என்று காவலுக்குச் சிப்பாய் நிற்பான், அது இந்த ஊரில் விளக்குக் கம்பம் மாதிரி, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். சித்தியும் பார்த்தாள். "ஏண்டி, ஏற்கெனவே கறுப்பின்னு ரயில்ல ஒதுங்கி ஒக்காருறானுவ. இது வேறயா? ஊர்ல உள்ள பயத்தையெல்லாம் எடுத்து நீயே தலையில போட்டுக்குவியா?" அவள் சொல்வது தப்பில்லை. பயப்பட எனக்குச் சொந்தமாகவே போதுமான சரக்கு இருக்கிறது, இரவல் எதற்கு? ரபியும் அதைத்தான் கேட்டார், வேறு வார்த்தையில். எங்களோடு சேர்ந்து உனக்கு என்ன கிடைக்கும் என்று நினைக்கிறாய், இந்த ஜனத்தைத் துரத்தாத நாடு குறைவு, வந்த வழியே திரும்பிப் போகலாம், கடவுள் கோபிக்கமாட்டார், நல்லவளாக இருக்க யூதப் பெண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்று நாங்கள் சொல்வதில்லை. வா வா என்று கூப்பிடும் கோயில்களையே பார்த்தவளுக்கு, போ போ என்று சொல்லும் வாசல் அதிசயமாக இருந்தது. போய்விட்டேனா? இல்லை. இறாலை விட்டேன், நண்டை விட்டேன், சுறாப்புட்டை விட்டேன், துடுப்பும் செதிலும் இருப்பதுதான் சாப்பிடத் தகுந்த மீனாம். மீன்கூடைக்காரி காத்தாயியின் மகள் இறால் தின்னமாட்டாளாம், மேலே இருந்து பார்த்தால் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரிப்பாளா? காத்தாயியின் மகள் என்பதே இன்றோடு சரி. இனிமேல் சபையில் என்னைக் கூப்பிடும்போது ஆபிரகாமின் மகள், சாராவின் மகள் என்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அந்த இருவரே பெற்றோர். "அப்ப எங்கக்கா பேரு எங்கடி போவும்?" என்று சித்தி கேட்டாள், அழுதுவிடுவாளோ என்று நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மதாம் பிஸ்முத்திடம்தான் எல்லாம் தொடங்கியது. அவள்தான் என் கடை முதலாளி, பிறகு எனக்குப் பாடம் சொன்னவளும் அவள்தான். அவளுடைய அண்ணன் இறந்தபோது, கடையிலிருந்து ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். போனேன். கண்ணாடிகளுக்கெல்லாம் துணி போர்த்தியிருந்தது. வாய் ஓயாத மதாம் பிஸ்முத், ரவிக்கைக் கழுத்தைக் கிழித்துக்கொண்டு, முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஜனம். யாரும் பேசவில்லை. என்ன ஆச்சு, எப்படி ஆச்சு, மனசைத் தேற்றிக்கோ, ஒன்றுமில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன், பக்கத்திலிருந்தவர் மெதுவாகத் தலையை அசைத்தார். துக்கத்தில் இருப்பவர் முதலில் பேசும்வரை வந்தவர் பேசக்கூடாது, அதுதான் அவர்கள் வழக்கம். அவள் பேசவே இல்லையென்றால்? சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போகவேண்டும். நான் ரொட்டிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், கடையை மறந்தேன். காரைக்காலில் சுனாமி முகாமில் இருந்தபோது டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். பாப்பா, அலை எவ்வளவு உயரம் இருந்துச்சு? பாப்பா, அம்மாவைக் கடைசியா எங்க பாத்த? பாப்பா, கேமராவப் பாரு. அம்மாவை யந்திரம் தோண்டிய குழியில் எல்லோரோடும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள், நான் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. ஊரையே வாயில் போட்டு மெல்லும் சித்திகூட அந்தக் காலையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்கு அக்கறையில்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடக் கேட்டார்கள், இவள் கேட்கவில்லையே என்று. அன்று மதாம் பிஸ்முத் வீட்டில் அந்த மௌனத்துக்குள் உட்கார்ந்திருந்தபோது, இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்து வைத்தவர்கள் யாரோ அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஒரு மதத்தில் சேர இது ஒரு காரணமா என்று ரபி கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன். நல்லவேளை, அவர் கேட்டது ஓய்வுநாள் விதிகளை.

துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வருகிறேன். மதாம் ஹதாத் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் முதுகைத் தடவி உதிர்ந்த முடி தேடுகிறாள், பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறாள், மூக்குத்தி இருந்த துளையைப் பார்க்கிறாள். "இது வலிக்குமா?" "வலிக்காது மதாம்." கறுப்பு அங்கி ஒன்றைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொல்கிறாள், ரபிகள் கதவருகே வந்து நிற்கப்போகிறார்கள், தலை மட்டும்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும். துணி நடுவில் வரலாமா என்று கேட்கிறேன், பயந்தவளுக்குச் சட்டம் நிறையத் தெரியும். "தொளதொளவென்று இருப்பது பரவாயில்லை பெண்ணே, தண்ணீர் உள்ளே போய்வரும். இறுக்கமானதுதான் ஆகாது." கதவைத் திறக்கிறாள். குளம். சின்னதுதான், எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் தொட்டியளவுகூட இருக்காது, நீல ஓடு பதித்து, படிகள் இறங்கி, பக்கத்தில் கைப்பிடி. தண்ணீர் அசையவில்லை. அசையாத தண்ணீரை நம்பாதே, அன்றைக்கும் முதலில் கடல் அடங்கிப் பின்வாங்கித்தான் போனது, பிள்ளைகள் தரையில் துள்ளிய மீனைப் பொறுக்க ஓடினார்கள். இது கடல் இல்லை. இது மழைத் தண்ணீர், கூரையிலிருந்து தானாக வந்து விழுந்து தேங்கியது, மனிதன் கையால் மொண்டு ஊற்றியதாக இருக்கக்கூடாது என்பது விதி, அதனோடு குழாய்த் தண்ணீர் ஒரு துளை வழியாகத் தொட்டுக்கொண்டால் அதுவும் செல்லும். மிக்வே இல்லாத ஊரில் என்ன செய்வார்கள் என்று ஒருமுறை நான் கேட்டேன். மதாம் பிஸ்முத் மாவை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "கடல் இருக்கிறதே! கடலும் மிக்வேதான். எல்லாவற்றையும் விடப் பெரியது." என் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. கடலும் செல்லுமாம். அப்படியானால் அம்மா, அப்படியானால் எங்கள் காரைக்கால்மேடு முழுக்க, கூடையும் கத்தியும் சேலையுமாக முழுகினவர்கள். வேண்டாம், அதை யோசிக்காதே. கைப்பிடியைப் பிடித்துக்கொள். இது எவர்சில்வர், துருப்பிடிக்கவில்லை.

துருப்பிடித்தது ஐஸ் பாக்டரி சன்னல் கம்பி. அரைப்பரீட்சை லீவு, ஞாயிற்றுக்கிழமை, நான் அம்மாவோடு கரைக்கு வந்திருந்தேன், மீனைப் பிரிக்க உதவி என்று பெயர், உண்மையில் பன்னு வாங்கித் தின்ன. சத்தம் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அம்மா பிடித்தால் தடம் விழும், ரோட்டைக் கடக்கும்போது பிடித்தாலே மணிக்கட்டில் விரல் பதிந்து அன்றைக்கு முழுக்க இருக்கும், கூடை தூக்கிக் காய்த்த கை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, அம்மா என்னைத் தூக்கிக் கம்பியில் தள்ளினாள். "புடிச்சுக்க! விட்டுடாத!" பிடித்துக்கொண்டேன். ஒரு கை கம்பியில், ஒரு கை அம்மாவிடம். பிறகு தண்ணீர் தலைக்கு மேல். பிறகு கம்பி இருந்தது, அம்மா இல்லை. தண்ணீர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பிடுங்கிக்கொண்டுதான் போயிருக்கும், வேறு எப்படி? இந்த இடத்தில் என் நினைவு ஒவ்வொரு முறையும் நின்றுவிடும், இதற்கு அந்தப் பக்கம் போனதே இல்லை. முகாமில் நர்ஸம்மா வலது கையைக் கழுவினாள், உள்ளங்கை கிழிந்து துரு ஏறியிருந்தது. இடது கையையும் நீட்டச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஒண்ணும் இல்ல கண்ணு" என்று விட்டுவிட்டாள்.

இறங்கிவிட்டேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது, கழுத்துவரை. கதவைக் கொஞ்சம் திறந்துவைத்திருக்கிறார்கள், மூன்று தொப்பிகளின் நிழல். மூத்த ரபியின் குரல்: "வாசலில் சிப்பாயைப் பார்த்தாயா மகளே?" "பார்த்தேன்." "பயமில்லையா?" "பயம்தான் ஐயா." "இருந்தும்?" "இருந்தும்." பிறகு கட்டளைகளை ஏற்கிறாயா என்று கேட்டார், ஏற்கிறேன் என்றேன், அந்தக் குரல் என்னுடையதுதானா? "முழுகு" என்றார். ஐயோ. கண்ணை மூடு, மூக்கைப் பிடிக்கக்கூடாது, சுவரைத் தொடக்கூடாது, ஒன்றும் பிடிக்கக்கூடாது, மூச்சு, மாரியாத்தா, இல்லை, மாரியாத்தாவைக் கூப்பிடக்கூடாது, யாரைக் கூப்பிடுவது, போ, போ உள்ளே. இருட்டு. காதுக்குள் அந்தச் சத்தம். வெளியே வந்து இருமுகிறேன். முடிந்தது, முடிந்துவிட்டது. "ஆகவில்லை" என்கிறாள் மதாம் ஹதாத். "தலை உள்ளே போனது. கை மூடியிருந்தது." குனிந்து பார்க்கிறேன், இரண்டு கையும் முட்டியாக இறுகியிருக்கின்றன, வலது கை ஏதோ கம்பியைப் பிடித்ததுபோல. "இறுக்கினால் உள்ளங்கைக்குத் தண்ணீர் போகாது பெண்ணே. உதட்டையும் கடிக்காதே. கண்ணை மெதுவாக மூடு, தூங்குகிறவள்போல." மறுபடியும். இந்த முறை கையைத் திறந்துதான் வைத்திருந்தேன், சத்தியமாகத் திறந்துதான் வைத்திருந்தேன், தண்ணீர் நெற்றியைத் தொட்ட கணத்தில் அது தானாக மூடிக்கொண்டது. "ஆகவில்லை." பயந்தால் செல்லாதா? பயந்தவளை இந்தத் தண்ணீர் சேர்த்துக்கொள்ளாதா? என் உயிரைக் காப்பாற்றியதே இந்த முட்டிதான், விட்டுடாதே என்று சொன்னாளே, அவள் சொன்ன கடைசி வார்த்தை அது, அதை நான் எப்படி விடுவேன்? கதவுக்கு வெளியே ரபி கனைக்கிறார். "இன்னொரு நாள் வரட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை." இன்னொரு நாள் நான் வரமாட்டேன். எனக்குத் தெரியும். இன்று படியேறினால் ஆயுசுக்கும் ஷவரில் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நிற்பேன். "இருங்கள்" என்கிறேன். பல் தடதடவென்று அடிக்கிறது, வெதுவெதுப்பான தண்ணீரில்.

மதாம் ஹதாத் கரையில் மண்டியிடுகிறாள், பருத்த உடம்பு, முழங்காலில் நெட்டி முறிகிறது. "என் கையைத் தருகிறேன். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது." கையை நீட்டுவாள் என்று பார்த்தால், முதலில் அதைக் குளத்துக்குள் விட்டு நனைக்கிறாள், முழங்கைவரை. நனைந்த கையென்றால் நடுவில் தண்ணீர் இருக்கும், தடையில்லை. "நான் இறுக்கிப் பிடிக்கமாட்டேன். நீயும் பிடிக்காதே. தொட்டுக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். நீ உள்ளே போனதும் விட்டுவிடுவேன்." இடது கையைத்தான் கொடுத்தேன், ஏன் என்று தெரியாது. அவள் விரல்கள் என் விரல்களுக்கு அடியில், ஈரமாக, பாரமில்லாமல். மூச்சு. கண்ணை மெதுவாக. தண்ணீர் நெற்றிக்கு வந்தது, காதுக்கு வந்தது, உச்சியை மூடியது. அந்தச் சத்தம். அங்கேதான் இருக்கிறேன், சன்னலருகே, மண்ணும் கட்டையும் மோத, ஒரு கை கம்பியில், மறு கையில் அம்மா, இரண்டு பேர் பாரத்தில் கம்பிப்பக்கத்துத் தோள் பிய்கிறது, கத்துகிறேன், அம்மா பார்க்கிறாள். மதாம் ஹதாத்தின் விரல்கள் ஒவ்வொன்றாக விலகுகின்றன, சுண்டுவிரல், மோதிரவிரல், அவசரமில்லாமல். இதே மாதிரி. இதே மாதிரிதான். பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் தோல் கிழிந்திருக்கும். அம்மாவின் நகம் பதிந்திருக்கும். இதுல ஒண்ணும் இல்ல கண்ணு. அம்மா கை திறந்தது. அவள்தான் திறந்தாள். என்னிடம் விட்டுடாதே என்று சொல்லிவிட்டு, அவள் விட்டாள். என் இரண்டு கையும் தண்ணீரில் விரிந்து கிடக்கின்றன, உள்ளங்கைக்குள் தண்ணீர் போய்ப்போய் வருகிறது, அந்தத் தழும்பின் மேலும். பயம் போகவில்லை. பயத்தோடேதான் விரிந்திருக்கின்றன.

"கஷேர்!" மதாம் ஹதாத்தின் குரல் ஓடுகளில் மோதி வருகிறது. செல்லும், சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஆசிவாக்கியத்தைச் சொன்னேன், வார்த்தை தடுமாறி நடுவில் இருமல் வேறு. இன்னும் இருமுறை முழுகினேன். கதவுக்கு வெளியே ரபி என் புதுப் பெயரைச் சொன்னார், சாராவின் மகள் என்றார், சாரா யாரோ நல்லவளாகத்தான் இருக்கவேண்டும், நான் அவளோடு சண்டைக்குப் போகப்போவதில்லை. துடைத்து உடுத்திக்கொண்டேன். மூக்குத்தியைப் போட்டுக்கொண்டேன். நடையில் சித்தி அதே பெஞ்சில், அதே பையோடு. என்னைப் பார்த்தாள், நனைந்த தலையைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள், இத்தனை வருஷமாக அவள் காத்திருந்தது போலவே. எந்த வழக்கத்தையும் யாரும் சொல்லிக்கொடுக்காமல், நான் பேசட்டும் என்று. இப்போதுதான் எனக்கு அது புரிந்தது. தரையில் அவள் காலடியில் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து அவள் என் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.

"சித்தி," என்றேன், "அன்னைக்கு எங்கம்மா கைய தண்ணி புடுங்கல." துவட்டிய கை நின்றது. நான் சொல்லிக்கொண்டே போனேன்.